அலைக்கு எதிரே நின்ற தொகுதி: அறந்தாங்கியின் தேர்தல்களும் சு. திருநாவுக்கரசரும்

(ஜெகதாப்பட்டினத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் அரசியல் வரலாறு பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். தலைநகரத்தின் வரலாறு எல்லோருக்கும் தெரியும். முதலமைச்சர்கள் வந்ததும் போனதும் புத்தகங்களில் இருக்கிறது. ஒரு தொகுதியின் வரலாறு அப்படி எழுதப்படுவதில்லை. தேர்தல் முடிந்த மறுநாள் நாளிதழில் வரும் ஒரு வரியோடு அது முடிந்துபோகிறது. அந்த ஒற்றை வரிகளைத் தொகுத்து வைத்துப் பார்த்தால் மக்களின் மனம் எப்படி வேலை செய்திருக்கிறது என்பது தெரியவரும். அதனால்தான் நீங்கள் வாக்களிக்கும் அறந்தாங்கித் தொகுதியையும், அதிலிருந்து ஆறு முறை சட்டமன்றத்துக்குச் சென்ற சு. திருநாவுக்கரசரின் தேர்தல் வாழ்க்கையையும் இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். அவரைப் புகழவோ குறை சொல்லவோ நான் வரவில்லை. அவருடைய வெற்றி தோல்விகளின் வழியே வாக்காளரைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

மூன்று, நான்கு, நான்கு

1977 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் 11 சட்டமன்றப் பொதுத்தேர்தல்கள் நடந்தன. அவற்றில் அறந்தாங்கி யாரைத் தேர்ந்தெடுத்தது, அப்போது கோட்டையில் யார் ஆட்சி அமைத்தார்கள் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 1977, 1980, 1984 ஆகிய மூன்று தேர்தல்களில் அறந்தாங்கி ஆளுங்கட்சியோடு நின்றது. 1989, 1991, 1996, 2001 ஆகிய நான்கு தேர்தல்களில், அடுத்தடுத்து, ஆட்சி அமைத்த அணிக்கு எதிரான வேட்பாளரை வெற்றிபெறச் செய்தது. 2006, 2011, 2016, 2021 ஆகிய நான்கு தேர்தல்களிலும் மறுபடி ஆட்சி அமைத்த அணியோடு சேர்ந்துகொண்டது.

இந்த நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு வாக்காளர் பெரும்பாலும் அலையாக வாக்களித்தவர். ஒரு பக்கம் சாய்ந்தால் முழுவதுமாகச் சாய்வார். அப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு கடலோரத் தொகுதி தொடர்ந்து நான்கு தேர்தல்களில் அலைக்கு எதிரே நின்றது சாதாரணச் செய்தி அல்ல. அது எப்படி நடந்தது, அதனால் என்ன கிடைத்தது, பிறகு ஏன் மாறியது என்ற மூன்று கேள்விகளுக்குள் நம் உரை அடங்கும்.

இருபத்தேழு வயதில் துணைத் தலைவர்

திருநாவுக்கரசர் 1949 ஜூலை 13 அன்று பிறந்தவர். ஊர் தீயத்தூர். அன்றைய ஏடுகளில் அவர் பெயர் திருநாவுக்கரசு என்றே இருக்கும். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கிய 1972இல் அவருக்கு வயது 23. சட்டமன்றத் தேர்தலில் நிற்பதற்கு அரசியல் சட்டம் கேட்கும் வயது 25. 1977 ஜூனில் அதிமுக முதன்முறையாக ஆட்சியைப் பிடித்த தேர்தலில் அவர் அறந்தாங்கியில் வென்றார். ஜூலை முதல் வாரத்தில், 28 வயது நிறைவதற்குள்ளாகவே, பேரவைத் துணைத் தலைவராக அமர்ந்தார். அப்போது பேரவைத் தலைவர் முனு ஆதி.

இந்தப் பொறுப்பின் அருமையை மாணவர்கள் உணர வேண்டும். துணைத் தலைவராக இருப்பவர் கேள்வி நேரத்தையும் வெட்டுத் தீர்மானத்தையும் ஒழுங்குப் பிரச்சினையையும் நாற்காலியில் இருந்து நடத்திப் பார்க்கிறார். அவையின் விதிகள் அவருக்குப் பழக்கத்தால் கைவருகின்றன. முதல் முறை உறுப்பினர் ஒருவருக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது.

1980 பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. நாடாளுமன்றத் தேர்தலில் அதிமுக படுதோல்வி கண்டிருந்த நேரம். அதே ஆண்டு மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் மக்கள் எம்.ஜி.ஆரை மீண்டும் ஆட்சியில் அமர்த்தினார்கள். அறந்தாங்கியும் தன் உறுப்பினரைத் திரும்ப அனுப்பியது. இம்முறை அவர் அமைச்சர். தொழில்துறை உள்ளிட்ட பொறுப்புகளில் எம்.ஜி.ஆர். அமைச்சரவைகளில் பணியாற்றினார். 1984 டிசம்பரில், எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே வென்ற தேர்தலில், மூன்றாவது வெற்றி.

இந்த மூன்று வெற்றிகளையும் எம்.ஜி.ஆருக்கும் இரட்டை இலைக்கும் கிடைத்த வெற்றிகள் என்று சொன்னால் மறுக்க முடியாது. அன்றைக்கு இரட்டை இலையில் நின்ற பலரும் அப்படித்தான் வென்றார்கள். தனிமனிதரின் வேர் எவ்வளவு ஆழம் என்பது அடுத்து வந்த சோதனையில்தான் தெரிந்தது.

எதிர்நீச்சலின் ஆண்டுகள்

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என இரண்டாகப் பிளந்தது. ஜானகி அம்மையாரின் அமைச்சரவை 1988 ஜனவரி இறுதியில் முடிவுக்கு வந்து, ஓராண்டு குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. திருநாவுக்கரசர் ஜெயலலிதா பக்கம் நின்றார். இரட்டை இலை முடக்கப்பட்டதால் 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. திமுக, காங்கிரஸ், அதிமுகவின் இரண்டு அணிகள் என நான்குமுனைப் போட்டி. திமுக 150 இடங்களைப் பிடித்தது. ஜெயலலிதா அணிக்குக் கிடைத்தவை 27. அந்த 27இல் அறந்தாங்கி ஒன்று. மூன்று தேர்தலாக இரட்டை இலைக்குப் பழகிய கை, இப்போது சேவலைத் தேடி முத்திரை குத்தியது.

அடுத்தது 1991. மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தள்ளிவைக்கப்பட்ட வாக்குப்பதிவு ஜூன் 15இல் நடந்தது. அதிமுக–காங்கிரஸ் அணி 234இல் 225 இடங்களைப் பெற்றது. தமிழ்நாட்டு வரலாற்றில் அதைவிடப் பெரிய அலை அடித்ததில்லை. அதற்குள் திருநாவுக்கரசர் ஜெயலலிதாவை விட்டு விலகியிருந்தார். டி. ராஜேந்தர் தொடங்கிய தாயக மறுமலர்ச்சிக் கழகத்தின் வேட்பாளராக, திமுக அணியில் நின்றார். மாநிலம் முழுவதும் அந்த அணியில் கரையேறியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் அறந்தாங்கியின் உறுப்பினரும் ஒருவர். துயரமும் கோபமும் சேர்ந்து ஒரு மாநிலமே ஒரே பக்கம் சாய்ந்த நாளில், இந்தத் தொகுதியின் வாக்காளர் தனக்குத் தெரிந்த மனிதரை விட்டுக்கொடுக்கவில்லை.

1996இல் அலை எதிர்த்திசையில் அடித்தது. திமுக–தமிழ் மாநில காங்கிரஸ் அணி 221 இடங்களை வென்றது. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அதிமுகவுக்கு மிஞ்சியவை நான்கே இடங்கள். இதற்குள் திருநாவுக்கரசர் அதிமுகவுக்குத் திரும்பியிருந்தார். அந்த நான்கு இடங்களில் ஒன்று அறந்தாங்கி.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே மனிதர் எதிரெதிர் அணிகளில் நின்று, இரண்டு முறையும் தோற்ற அணியில் வென்றவராக அவைக்குள் நுழைகிறார். இதற்கு இணை சொல்லக்கூடிய இன்னொரு வெற்றியைத் தமிழ்நாட்டுத் தேர்தல்களில் தேடிப் பிடிப்பது கடினம்.

பின்னர் எம்.ஜி.ஆர். அதிமுக என்ற தனிக்கட்சி கண்ட அவர், 1999இல் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியில் வென்று தில்லிக்குப் போனார். 2001 சட்டமன்றத் தேர்தலில் அவருடைய கட்சி திமுக அணியில் இருந்தது. அதிமுக அணி மிகப்பெரிய வெற்றி பெற்ற தேர்தல் அது. அப்போதும் அறந்தாங்கி, திருநாவுக்கரசர் கட்சியின் வேட்பாளர் பி. அரசனைத் தேர்ந்தெடுத்தது. அவர் நேரில் நிற்காதபோதும் அவர் சொன்ன பெயருக்கு வாக்கு விழுந்தது. நான்காவது முறையாகத் தொகுதி அலைக்கு எதிரே நின்றது.

பாலாவும் புதுப்பள்ளியும்

ஒரு தொகுதிக்கும் ஒரு மனிதருக்கும் இடையே இத்தகைய உறவு தமிழ்நாட்டில் அரிது. கலைஞர் மு. கருணாநிதி 1957 முதல் 2016 வரை 13 முறை வென்றார், ஒருமுறையும் தோற்கவில்லை. ஆனால் குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று தொகுதிகள் மாறின. தலைவர் எங்கே நின்றாலும் கட்சி அவரை வெல்லவைக்கும்.

நமக்கு நெருக்கமான ஒப்புமை கேரளத்தில் இருக்கிறது. கே.எம். மாணி 1965 முதல் 2016 வரை பாலா தொகுதியில் 13 முறை தொடர்ந்து வென்றார். அவருடைய கேரள காங்கிரஸ் எத்தனையோ முறை உடைந்தது, சேர்ந்தது, அணி மாறியது. பாலா அவரோடு இருந்தது. உம்மன் சாண்டி 1970 முதல் 2021 வரை புதுப்பள்ளியில் 12 முறை வென்றார். மாணி மறைந்த 2019இல் நடந்த இடைத்தேர்தலில் பாலா அவர் கட்சியைக் கைவிட்டது. உம்மன் சாண்டி மறைந்த 2023இல் புதுப்பள்ளி அவர் மகனைத் தேர்ந்தெடுத்தது. தனிமனிதர் மீது கட்டப்பட்ட உறவு, அந்த மனிதருக்குப் பிறகு எந்தப் பக்கமும் போகலாம் என்பதற்கு இவை இரண்டும் சான்றுகள்.

உறவு தளர்ந்த விதம்

அறந்தாங்கியில் அந்த உறவு எப்போது தளர்ந்தது? 2002இல் திருநாவுக்கரசர் தன் கட்சியைப் பாரதிய ஜனதாவோடு இணைத்தார். வாஜ்பாய் அமைச்சரவையில் இணையமைச்சரானார். கப்பல் போக்குவரத்து அவர் கவனித்த துறைகளில் ஒன்று. 2004இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். 2009இல் காங்கிரசில் சேர்ந்தார். பிறகு 2016 முதல் 2019 தொடக்கம் வரை தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்தார். மேலே போகப் போக ஊரிலிருந்து தொலைவு கூடியது.

2006இல் தொகுதி திமுகவின் உதயம் சண்முகத்தை அனுப்பியது. 2011இல் திருநாவுக்கரசரே காங்கிரஸ் வேட்பாளராக அறந்தாங்கிக்குத் திரும்பினார். அதிமுகவின் மு. ராஜநாயகம் வென்றார். ஆறு முறை வென்றவரை அதே தொகுதி ஏழாவது முறை அனுப்பவில்லை. 1977இல் அவருக்கு வாக்களித்தவர்களில் பலர் அப்போது முதியவர்கள். 1991க்குப் பின் பிறந்தவர்கள் வாக்காளர்களாகி இருந்தார்கள். அவர்களுக்கு அவர் ஒரு பெரிய பெயர், தெரிந்த முகம் அல்ல.

2016இல் அதிமுகவின் இ. இரத்தினசபாபதி வென்றார், திருநாவுக்கரசரின் மகன் எஸ்.டி. இராமச்சந்திரன் தோற்றார். 2021இல் அதே இராமச்சந்திரன் காங்கிரஸ் வேட்பாளராக, திமுக அணியில், வெற்றி பெற்றார். தந்தையின் பெயர் அவருக்குத் துணை நின்றிருக்கலாம். ஆனால் தந்தை அலைக்கு எதிராகவும் வென்றார், மகன் அலையோடு வென்றார். இரண்டும் ஒரே வகை வெற்றி அல்ல.

இடையில் இரத்தினசபாபதி காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி விளக்கம் கேட்டு மூன்று அதிமுக உறுப்பினர்களுக்குப் பேரவைத் தலைவர் நோட்டீஸ் அனுப்பினார். அறந்தாங்கி உறுப்பினர் அவர்களில் ஒருவர். மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கைக்குத் தடை விதித்தது. முந்தைய நவம்பர் 16 அன்றுதான் கஜா புயல் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சாய்த்திருந்தது. தென்னையும் படகும் வீடும் போய் மக்கள் நின்ற அந்த மாதங்களில், அவர்களுடைய உறுப்பினரின் பதவி நிலைக்குமா என்பது கேள்வியாக இருந்தது. தொகுதிக்கு எது தேவை, கட்சிக்கு எது தேவை என்ற மோதலில் எப்போதும் பின்னுக்குப் போவது தொகுதிதான்.

காணாமல் போன புதுக்கோட்டை

2008இல் நடந்த தொகுதி மறுவரையறையைத் தனியே பேச வேண்டும். புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதி அத்தோடு இல்லாமல் போனது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கந்தர்வக்கோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கு. ஒரு மாவட்டத்து மக்கள் தங்கள் குறையைச் சொல்ல நான்கு திசைகளில் போக வேண்டிய நிலை.

திருநாவுக்கரசரின் பிந்தைய தேர்தல்களிலும் இந்தக் கோடுகள் தெரிகின்றன. சொந்த மாவட்டத்துக்கு மக்களவைத் தொகுதி இல்லாத நிலையில் 2009இல் பாஜக வேட்பாளராகவும் 2014இல் காங்கிரஸ் வேட்பாளராகவும் இராமநாதபுரத்தில் நின்று தோற்றார். 2019இல் திருச்சிராப்பள்ளியில் நின்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024இல் அந்தத் தொகுதி கூட்டணிக் கட்சியான மதிமுகவுக்குப் போனது.

மாவட்டத்துக்கு இழப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் கடலோரத்துக்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. ஜெகதாப்பட்டினமும் கோட்டைப்பட்டினமும் இராமேசுவரமும் இன்று ஒரே மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. பாக் நீரிணையின் ஒரே துயரத்தைச் சுமக்கும் ஊர்கள் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றன. இந்த ஒற்றுமையை மீனவர் சங்கங்கள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பது என் கருத்து.

உறுப்பினரால் ஆவதும் ஆகாததும்

இப்போது உங்கள் கரைக்கு வருகிறேன். இங்கே டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் விசைப்படகு மீனவர், திரும்பி வருவோமா என்ற கவலையோடுதான் போகிறார். இலங்கைக் கடற்படை பிடித்தால் படகும் வலையும் போகும், சிறையும் உண்டு. இதற்குச் சட்டமன்ற உறுப்பினர் என்ன செய்ய முடியும்?

அரசியல் சட்டம் மீன்வளத்தை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆட்சிக்கடலுக்கு, அதாவது 12 கடல் மைலுக்கு, அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. இலங்கையோடான கடல் எல்லைக்கோடு 1974, 1976 ஒப்பந்தங்களால் இரு அரசுகளுக்கிடையே வரையப்பட்டது. அதில் இலங்கைப் பக்கம் போன கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று 2013 மே 3 அன்றும் 2025 ஏப்ரல் 2 அன்றும் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் போடலாம், ஒப்பந்தம் போட முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் உறுப்பினரைத் திட்டுவதாலும் பயனில்லை, அவர் தரும் வாக்குறுதியை நம்புவதாலும் பயனில்லை.

ஆனால் அவரால் ஆவது நிறைய இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி அதன்கீழ் வருவது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற முறை இங்கே நடப்பில் உள்ளது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023இல் மண்டபத்தில் அறிவிப்பு வந்தது. டீசல் மானியம், இறங்குதளம், முகத்துவாரம் தூர்வாருதல், பறிபோன படகுக்கு இழப்பீடு, சிறைப்பட்டவர் குடும்பத்துக்கு உதவித்தொகை, இழுவைமடியை விட்டு ஆழ்கடலுக்கு மாற 2017இல் தொடங்கிய திட்டம் இந்தக் கரையில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற கணக்கு, இவையெல்லாம் கோட்டையில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். இந்தக் கேள்விகளைக் கேட்கும் உறுப்பினர் ஆளுங்கட்சியில் இருக்க வேண்டிய அவசியமில்லை. கேள்வி நேரம் எல்லா உறுப்பினருக்கும் பொது. தொகுதி மேம்பாட்டு நிதியான ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும் எல்லோருக்கும் பொது.

இதே தொகுதியின் இன்னொரு முனையில் கல்லணைக் கால்வாயின் கடைமடை விவசாயி தண்ணீருக்குக் காத்திருக்கிறார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வறண்ட ஏரி. இந்த இரண்டையும் ஒரே குரலில் பேசத் தெரிந்தவரே இந்தத் தொகுதிக்குத் தகுந்த உறுப்பினர்.

என் முடிவு

அலைக்கு எதிரே நின்ற அந்த நான்கு தேர்தல்களை நான் பெருமையாகவே பார்க்கிறேன். சின்னம் மாறினாலும் மனிதரை அடையாளம் கண்டு வாக்களிப்பது சனநாயகத்தில் உயர்ந்த பழக்கம். ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. மனிதரைத் தெரிந்ததால் வாக்களித்தோம், அவர் அவையில் என்ன பேசினார் என்பதை யாரும் ஊரில் எழுதி வைக்கவில்லை. அந்த மனிதர் உயரப் போனதும் நம் கையில் அளவுகோல் எதுவும் மிஞ்சவில்லை. அதனால்தான் 2006 முதல் காற்று அடிக்கும் பக்கம் சாய்ந்தோம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். சட்டமன்றப் பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. 1977 முதல் அறந்தாங்கி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளையும் ஆற்றிய உரைகளையும் அவற்றிலிருந்து பிரதி எடுத்துத் தொகுத்து, இந்த ஊர் நூலகத்தில் வைக்க அறக்கட்டளையினர் முன்வர வேண்டும். மாணவர்கள் அதை ஆண்டுவாரியாக, துறைவாரியாகப் பிரித்துத் தரட்டும். மீனவர் சங்கங்கள் ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்னால் கூடி, இந்தக் கரையின் கேள்விகளை எழுதி உறுப்பினர் கையில் கொடுக்கட்டும். அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் அந்தத் தொகுப்பை நீட்டி, இதில் உங்கள் பக்கம் எது என்று கேளுங்கள்.